அது ஆசிட் இல்லை!

ரிமோட்டில் ஆல்கலைன் பேட்டரி கசிந்தால் "ஆசிட் ஒழுகிடுச்சு" என்று சோடா உப்பைக் கொட்டுகிறீர்கள். தவறு. உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம்! துத்தநாகம் அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். வகுப்பில் "ஈரியல்பு" என்று ஒப்பித்தீர்களே, அதுதான் இது.

பேட்டரி சும்மா கிடந்தாலும் துத்தநாகம் அரிபட்டு ஹைட்ரஜன் வரும். அழுத்தம் ஏறினால் அடைப்பு திறந்து காரம் வழியும். அரிப்பைத் தடுக்க முன்பு பாதரசம் சேர்த்தார்கள். நஞ்சு என்பதால் கைவிட்டார்கள்.

1953 முதல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இயங்கும் தமிழ்நாட்டில் இந்த அறியாமையா?

கையுறை போட்டு, வினிகர் தொட்ட பஞ்சால் துடையுங்கள். கண்ணில் பட்டால் வினிகர் கூடாது. நிறையத் தண்ணீரில் கழுவி உடனே டாக்டரிடம் ஓடுங்கள். தீர்ந்த பேட்டரியை அன்றே கழற்றுங்கள். பேரப்பிள்ளைகள் தொடும் பொருள் அது. மார்க்குக்குப் படித்தது வீட்டுக்கு உதவாவிட்டால் அது என்ன படிப்பு?

– உங்கள் பழைய வேதியியல் வாத்தியார், மயிலம்