ஒரு பட்டை கூடப் போட்டால் போதுமா?

முதலிலேயே சொல்லி விடுகிறேன். பிக்கப் வண்டிக்குப் பின்பக்கப் பட்டை மாற்ற நினைக்கிறவர்கள், பட்டறைக்குப் போவதற்கு முன்னால் எடைமேடைக்குப் போக வேண்டும். இதுதான் என் கட்சி. மிச்சமெல்லாம் இதற்கு விளக்கம். அவசர வேலை இருக்கிறவர்கள் இத்தோடு கிளம்பி விடலாம் :-)

மிச்சிகன் குளிரில் உட்கார்ந்துகொண்டு உனக்கு எதற்கப்பா இந்த வண்டிப் பட்டை விவகாரம் என்று கேட்பீர்கள். காரணம் இரண்டு. ஒன்று, நான் பிறந்து வளர்ந்தது திருவனந்தபுரம் வலியசாலையில். எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம்தான் சாலை கம்போளம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கிய கடைவீதி அது. அன்றைக்கு நாஞ்சில் நாட்டிலிருந்து மாட்டுவண்டியில் வந்த சரக்கு, இன்றைக்கு பிக்கப்பில் வருகிறது. வாழைத்தார், காய்கறி, அரிசி, தோவாளைப் பூ எல்லாம் களியக்காவிளை தாண்டி, பாலராமபுரம் நெரிசலில் முக்கி முனகி, கரமனை, கிள்ளிப்பாலம் வழியாக வந்து இறங்குகிறது. இரண்டாவது காரணம், வண்டி சஸ்பென்ஷன் கணக்குப் போட்டுத்தான் எனக்கு இங்கே சோறு.

போன மாதம் அத்தான் (அக்கா வீட்டுக்காரர், நாகர்கோவில், சொந்த வண்டி, சொந்த ஓட்டம்) வாட்ஸப்பில் கூப்பிட்டார். "மாப்ளே, பின்னால பட்டை படுத்துப் போச்சு. கனமா ஒண்ணு கூடப் போட்டா நிமிந்திரும்னு மேஸ்திரி சொல்லுகாரு. நீ என்ன சொல்லுக?"

இந்தக் கேள்வியை அத்தான் மட்டும் கேட்கவில்லை. அந்த ரோட்டில் ஓடுகிற பாதி வண்டிக்காரர்கள் கேட்கிற கேள்விதான். பட்டறையில் கிடைக்கிற பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "போட்டுரலாம் அண்ணாச்சி." அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

பட்டை எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்த்து விடுவோம். (மலையாளத்தில் லீஃப் என்பார்கள், நம் பக்கம் பட்டை.) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் சென்டர் போல்ட் போட்டு, யூ போல்ட்டால் ஆக்சிலோடு சேர்த்து இறுக்கியிருக்கும். பாரம் ஏறினால் வளையும், இறங்கினால் நிமிரும். எத்தனை பட்டையோ அந்த விகிதத்தில் விறைப்பு கூடும். ஐந்து பட்டை உள்ள கட்டில் அதே மாதிரி ஆறாவது ஒன்று சேர்த்தால் ஏறக்குறைய 20 சதவீதம். ஆனால் கனம் அப்படியில்லை. கனத்தை மூன்று தடவை பெருக்க வேண்டும். 7 மில்லிமீட்டர் பட்டைக்கு 7×7×7, அதாவது 343. 8 மில்லிமீட்டருக்கு 512. ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் கூட, விறைப்போ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு! கண்ணால் பார்த்து, விரலால் தடவி, "இது கொஞ்சம் கனம்" என்று எடுத்து மாட்டுகிற சமாச்சாரம் இல்லை இது.

இன்னொன்றும் உண்டு. மெல்லிய பட்டைகளுக்கு நடுவில் கனமான பட்டை ஒன்றைச் செருகினால், எல்லாம் ஒன்றாகத்தான் வளைய வேண்டும். ஒரே அளவு வளையும்போது கனமானதற்குத்தான் உள்ளே அழுத்தம் அதிகம். பலம் சேர்க்க என்று போட்ட பட்டையே முதலில் விரிசல் விடலாம். இது கணக்கு, என் அபிப்பிராயம் இல்லை.

சரி, சரியான அளவில் கணக்குப் போட்டே விறைப்பாக்கி விட்டோம் என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் பின்பாகம் கம்பீரமாக நிமிர்ந்து விட்டது. ஆனால் மாறியது எது? பட்டை மட்டும்தான். பிரேக் அதே பிரேக். ஆக்சில், பேரிங், சேசிஸ், டயர் எதுவும் மாறவில்லை. டயரின் பக்கவாட்டில் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அச்சடித்திருப்பான். அந்த எண்ணும் மாறவில்லை.

பிரேக் விஷயத்தில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. சில பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஒரு சின்னக் கம்பி இணைத்திருக்கும். அது போய்ச் சேர்வது ஒரு பிரேக் வால்வில். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால், பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்பும். காலியாக இருந்தால் குறைத்து விடும், பின்சக்கரம் வழுக்கிப் பூட்டிக்கொள்ளாமல் இருக்க. இப்போது பட்டையை விறைப்பாக்கி வண்டியைத் தூக்கி விட்டால் அந்த வால்வு என்ன நினைக்கும்? "வண்டி காலி" என்று நினைக்கும். பாரம் மிக அதிகமாக இருக்கும் நேரத்தில் பின் பிரேக் மிகக் குறைவாகப் பிடிக்கும். பட்டை மாற்றிய பிறகு அந்த வால்வைத் திரும்பச் சரிபார்க்காத பட்டறை, வேலையைப் பாதியில் விட்ட பட்டறை.

திரும்பும் ஓட்டத்தையும் யோசியுங்கள். சாலையில் சரக்கை இறக்கிவிட்டு நாகர்கோவிலுக்குப் பெரும்பாலும் காலியாகத்தான் திரும்ப வேண்டும். ஆக ஓட்டத்தில் பாதி, பாரமில்லாத ஓட்டம். விறைத்த பட்டையோடு காலி வண்டி குதிக்கும். குதிக்கிற சக்கரத்துக்கு ரோட்டில் பிடிப்பு இருக்காது. இடவப்பாதி, துலாவர்ஷம் என்று வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் உள்ள ஊரில் இது விளையாட்டில்லை.

அத்தானிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஆர்.சி.யில என்ன எடை போட்டிருக்கு, ஏத்துறது எவ்வளவு?" முதலாவது அவருக்குத் தெரியும். இரண்டாவது மூட்டைக் கணக்கில்தான் தெரியும். எடைமேடையில் ஏற்றிச் சீட்டைப் படமெடுத்து அனுப்பினார். அனுமதித்த மொத்த எடைக்கு மேல் 600 கிலோ.

அப்போது பட்டை ஏன் படுத்தது? பட்டை கெட்டுப் போனதால் மட்டும் இல்லை. அது உள்ளதைச் சொல்லிக்கொண்டிருந்தது. வண்டி தாங்காது என்பதை ஓட்டுகிறவருக்குச் சொல்ல அதற்குத் தெரிந்த ஒரே வழி படுத்துக் காட்டுவதுதான். கூடுதல் பட்டை போட்டால் அந்த அறிவிப்புதான் நிற்கும், பாரம் அப்படியேதான் இருக்கும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொன்னது. நீங்கள் பத்துப் பட்டை போட்டாலும் ஆர்.சி.யில் உள்ள எடை ஒரு கிலோ கூடாது. இங்கே அமெரிக்காவிலும் கூடுதல் பட்டை கிட் கடையில் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் மொத்த எடை எண் அதனால் மாறாது. அதைப் படிக்காதவர்கள் இங்கேயும் நிறைய.

இனி, வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

கம்பெனி அந்த மாடலுக்குக் கொடுத்த அதே அளவுக் கட்டுதான் வேண்டும். பட்டைகளின் எண்ணிக்கை, அகலம், ஒவ்வொன்றின் கனம், கண்ணுக்குக் கண் நீளம், சென்டர் போல்ட் துளை நடுவிலா தள்ளியா, வளைவு எவ்வளவு... இத்தனையும் ஒத்துப்போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள், இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள், புதிது வாங்குங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப வந்து முறுக்கிக்கொள்ளுங்கள். யூ போல்ட் தளர்ந்தால் சென்டர் போல்ட் அறுபடும். அது அறுந்தால் ஆக்சிலே இடம் நகரும்.

படுத்த பட்டையை உலையில் காய்ச்சி அடித்து வளைத்துக் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஸ்பிரிங் எஃகின் குணம் அதன் சூட்டுப் பக்குவத்தில் இருக்கிறது. அளவான சூட்டில் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, மறுபடி மிதமாகச் சூடாக்கி எடுத்த பக்குவம் அது. கண் மதிப்பில் காய்ச்சினால் அந்தப் பக்குவம் போய்விடும். அரிவாள் அடிக்க அது போதும். இரண்டு டன், மூன்று டன் வண்டியைத் தாங்க வைக்க வேண்டாம்.

பாரம் ஒரு நாள் அதிகம், ஒரு நாள் கம்மி என்கிறவர்களுக்கு ஹெல்பர் பட்டை நல்லது. கம்பெனி அந்த மாடலுக்குக் கொடுத்தால் போடுங்கள். பாரம் ஏறினால் மட்டும் அது தொடும், காலியில் சும்மா இருக்கும். அதுவும் ஆர்.சி. எடைக்குள் மட்டும்தான்.

எல்லாம் சரி, வயிற்றுப் பாடு என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். நியாயம். 1,250 கிலோ ஏற்றலாம் என்ற வண்டியில் 50 கிலோ மூட்டை 25 தான் போகும், டிரைவர் எடையைச் சேர்த்தால் அதுவும் குறையும். வியாபாரி 35 மூட்டையை ஒரே நடையில் கேட்கிறார், வாடகை நடைக்கு இவ்வளவு என்று பேசுகிறார். 'ஏற்ற மாட்டேன்' என்றால் பக்கத்து வண்டி ஏற்றும். அத்தான் கம்பெனி அளவுக் கட்டையே ஜோடியாக மாற்றினார், மூட்டையையும் குறைத்தார். ஒரு வியாபாரி அவரை விட்டுப் போய்விட்டார். அக்கா எங்கிட்ட இன்னும் சரியாகப் பேசவில்லை.

அதனால் ஓட்டுகிறவரை மட்டும் குற்றவாளி ஆக்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2019-ல் திருத்திய 194-ஆம் பிரிவில் அதிகச் சுமைக்கு 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000 ரூபாய் என்று இருக்கிறது. (இடத்திலேயே கட்டித் தீர்க்கும் தொகையை மாநிலங்கள் தனியாக வைத்துக்கொள்ளலாம்.) அந்தப் பிரிவு ஓட்டுகிறவரை மட்டும் சொல்லவில்லை. ஓட்ட வைக்கிறவரையும், ஓட்ட விடுகிறவரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. ரோட்டில் கை நீட்டி நிறுத்தும்போது மாட்டுவது மட்டும் ஸ்டியரிங் பிடித்தவர்.

வாடகையை நடைக்குப் பேசாமல் கிலோவுக்குப் பேசுங்கள். ஏற்றும் இடத்திலேயே எடைச் சீட்டு வாங்கி, சரக்குச் சீட்டோடு பின் பண்ணுங்கள். நாலு வண்டிக்காரர்கள் சேர்ந்து இதைக் கேட்டால் வியாபாரி எங்கே போவார்? ஒரு ஆள் கேட்டால்தான் பக்கத்து வண்டிக்குப் போவார்.

பட்டையைப் பட்டறையில் மாற்றலாம். பாரத்தை மாற்றுகிற இடம் கமிஷன் மண்டி.