போன் யாருடையது, தடை யாருக்கு?

போன வருஷம் முதல் பட்டதாரி சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம், அங்கே இருந்தவர் நல்ல மனிதர். இ-சேவை மையத்தில் ஏற்றிய ஆவணங்கள் மங்கலாக விழுந்திருந்தன. "தம்பி, எல்லாத்தையும் என் நம்பருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடு, நான் பார்த்துக்கறேன்" என்றார். அனுப்பினேன். வந்துவிட்டதா என்று அவர் போனைத் திறந்து காட்டினார். மேலே அவருடைய பேத்தியின் பிறந்தநாள் கேக். நடுவில் எங்க அப்பாவின் ஆதார், ரேஷன் கார்டு. அதற்குக் கீழே யாரோ ஒருவரின் பட்டா. இரண்டே நாளில் சான்றிதழ் கிடைத்தது, நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2025 ஜனவரி 29 தேதியிட்டு மத்திய நிதியமைச்சகம் தன் ஊழியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை விட்டது. அலுவலகக் கணினிகளிலும் சாதனங்களிலும் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்ற செயலிகளைத் தவிர்க்க வேண்டும், அரசின் ரகசியத் தகவல்கள் வெளியே போய்விடும் என்று. அதைப் பற்றி வகுப்பில் பேசியபோது பாதிப் பேர் "சரியான முடிவு" என்றார்கள், மீதிப் பேர் "காலத்துக்கு ஒவ்வாதது" என்றார்கள். ரெண்டு கோஷ்டியும் முக்கியமான ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை. அந்த "அலுவலகச் சாதனம்" எத்தனை பேர் கையில் இருக்கிறது?

தடையே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி, ஆட்கள் ஓடிய பாதைகளை உலக வரைபடமாகப் போட்டது. அதில் ராணுவ முகாம்களின் உள்பாதைகள் பளிச்சென்று தெரிவதை 2018 ஜனவரியில் கண்டுபிடித்தார்கள். 2020 ஜூலையில் நம் ராணுவம் பேஸ்புக் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொன்னது. ஓர் அதிகாரி அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனார், அடுத்த மாதமே மனு தள்ளுபடி ஆனது. வெலிங்டன் ராணுவக் கல்லூரி இருக்கும் மாவட்டத்தில் பிறந்தவன் என்பதாலோ என்னவோ, எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. அரசாங்கக் காகிதமும் அப்படித்தான். அது அந்த ஊழியரின் சொத்து அல்ல. என் சொத்து, உங்கள் சொத்து. அதை முன்பின் தெரியாத கம்பெனியின் சர்வரில் போட அவருக்கு உரிமை கிடையாது.

ஆனால் வெறும் தடை எப்படி வேலை செய்கிறது என்பதற்குக் கேம்ஸ்கேனர் கதையே போதும். 2019 ஆகஸ்டில் அதன் ஆண்ட்ராய்டு பதிப்பில் தீங்கு செய்யும் நிரல் இருப்பதைக் காஸ்பர்ஸ்கி நிறுவனம் கண்டுபிடித்தது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கோடு சேர்த்துத் தடை செய்யப்பட்ட 59 செயலிகளில் அதுவும் ஒன்று. நாடு முழுக்கத் தடை! அப்புறம் 2022 ஜூனில் தேசிய தகவலியல் மையத்தின் வழிகாட்டு நெறிமுறை வருகிறது. அதில் கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் கூடாது என்பதோடு, அரசு ஆவணங்களைக் கேம்ஸ்கேனரில் ஸ்கேன் செய்யாதீர்கள் என்று மறுபடியும் பேர் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். ஒரு முறை தடை செய்ததை ரெண்டு வருஷம் கழித்து ஏன் திரும்பத் தடுக்க வேண்டும்? மேஜையில் காகிதம் இருக்கிறது, "உடனே அனுப்பு" என்று மேலதிகாரி கத்துகிறார், ஸ்கேனர் இல்லை. அவ்வளவுதான் காரணம். அந்த நெறிமுறை ஒப்பந்த ஊழியர்களுக்கும் பொருந்துமாம். ரீசார்ஜ் காசு பொருந்துமா என்று யாரும் எழுதவில்லை.

சரி, கருவி கொடுத்தால்? கொடுக்கிற லட்சணமும் இருக்கிறது. மகாராஷ்டிராவில் 2021இல் அங்கன்வாடி ஊழியர்கள் அரசு கொடுத்த போன்களைத் திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். அதில் இருந்த நினைவகம் 2 ஜிபி, ஏற்ற வேண்டிய செயலியோ ஆங்கிலத்தில். "சந்தேஸ்" என்று அரசே ஒரு தகவல் செயலி வைத்திருக்கிறது. எங்க தாலுகாவில் அதை யாராவது பயன்படுத்திப் பார்த்திருந்தால் சொல்லுங்கள், டீ வாங்கித் தருகிறேன் :) மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சலை நம்ம ஊர் ஜோஹோவின் தளத்துக்கு மாற்றியது உருப்படியான வேலை. ஆனால் அது அரசு மின்னஞ்சல் வைத்திருப்பவருக்கு. காடு மேடு சுற்றுகிறவருக்கு?

எங்க ஸ்ரீமதுரை முதுமலைக் காட்டை ஒட்டிய ஊர். யானை இறங்கினால் எங்களுக்கு முதலில் தெரிவது வாட்ஸ்அப் குழுவில்தான். அதில் வனப்பணியாளர்களும் இருக்கிறார்கள், எல்லாம் சொந்தப் போன், சொந்தக் காசு. நாளைக்கே ஒரு கறார் அதிகாரி வந்து "அனுமதி இல்லாத செயலி கூடாது" என்று சட்டம் பேசினால், விடிகாலையில் பால் கொண்டு போகிறவருக்கு யார் சொல்வது? அதே சமயம் வால்பாறையைப் பாருங்கள். 2011 முதல் அங்கே யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறார்கள், சிவப்பு விளக்கு எரிய விடுகிறார்கள். சாதாரண பட்டன் போன் போதும். இடத்துக்கு ஏற்ற மாற்றைச் செய்து கொடுத்தால் வாட்ஸ்அப்பை நம்பியே இருக்க வேண்டியதில்லை.

"சொந்தப் போனில் அரசு எப்படித் தலையிட முடியும்?" என்று கேட்பீர்கள். ஐரோப்பிய ஆணையம் 2023 பிப்ரவரியில் டிக்டாக்கைத் தடுத்தபோது அலுவலகப் போன்களோடு நிற்கவில்லை. அலுவலகச் சேவையில் பதிவு செய்த சொந்தப் போன்களையும் சேர்த்தது. எங்கே அலுவலகத் தகவல் இருக்கிறதோ அங்கே விதி. நம் சுற்றறிக்கையில் மெஷினுக்குத்தான் தடை, காகிதத்துக்கு இல்லை. அலுவலகக் கணினியில் சாட்ஜிபிடி திறக்காமல், அதே கோப்பைச் சொந்தப் போனில் படம் பிடித்து அதனிடமே கேட்டால்? விதி மீறல் இல்லையாம். கேட்பவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியும்!

தகவல் கசிந்த பிறகு மாட்டப்போவது யார் என்பதும் தெரிந்ததுதான். சுற்றறிக்கை விட்டவர் "நான் அப்பவே சொன்னேனே" என்று நகலைக் காட்டுவார். தன் போனில், தன் டேட்டாவில், நமக்காக வேலை பார்த்தவர் தனியாக நிற்பார். எனவே முதலில் போன், ஸ்கேனர், டேட்டா காசு. அப்புறம் தடை. அதற்குப் பிறகும் என் அப்பாவின் ஆதார் சொந்தப் போனில் இருந்தால் தாராளமாகத் தண்டியுங்கள், நானே வந்து புகார் எழுதிக் கொடுக்கிறேன்.

அந்த மனிதர் இந்த வருஷம் ஓய்வு பெறுகிறாராம். மேஜை, நாற்காலி, சாவிக்கொத்து எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து எழுதி வாங்கிக்கொள்வார்கள். போனை யாரும் கேட்க மாட்டார்கள், அது அவருடையது.