சுவரில் ஓதமா? சுற்றி வந்து பாருங்கள்!

மழைக் காலம் பிறந்துவிட்டால் போதும், எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை சுவரைப் பற்றித்தான். "பீரோவை நகர்த்தினால் பின்னால் சுவர் முழுவதும் பாசி!" "கல்யாணப் பட்டுப் புடவையில் பூஞ்சக்காளான்!" "வெள்ளையடித்து மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் பொரிந்து பொரிந்து கொட்டுகிறது!" கடிதம் எப்படித் தொடங்கினாலும் முடிவு ஒன்றுதான்: "நல்ல ஆளாக யாராவது தெரிந்தால் சொல்லுங்களேன்."

ஆளைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் அத்தை வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அத்தைக்குச் சந்தவாசல். வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போளூருக்குப் போகும் சாலையில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது. படவேடு ரேணுகாம்பாள் கோயில் பக்கந்தான். செங்கல்லும் சுண்ணாம்புமாகத் தாத்தா காலத்தில் கட்டிய வீடு. பின்கட்டில் ஓர் அறை. அத்தையின் மூன்று குழந்தைகளும் அந்த அறையில்தான் பிறந்தன. இந்நாளில் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் என்றாலும், பெண் குழந்தையோடு வந்து படுப்பது அந்த அறையில்தான் என்பது அத்தையின் பிடிவாதம்.

2021 நவம்பரில் வட தமிழ்நாட்டில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். பேரணாம்பட்டில் நனைந்த சுவர் இடிந்து விழுந்து, குழந்தைகள் உள்பட ஒன்பது பேர் இறந்தார்கள். அந்த மழையில் அத்தை வீட்டுக்குப் பெரிய சேதம் ஒன்றுமில்லை. பின்னறைச் சுவர் மட்டும் தரையிலிருந்து இடுப்பளவுக்கு நனைந்து நின்றது. பொங்கல் வந்தது, காயவில்லை. பங்குனி வெயில் வந்தது, அப்போதும் காயவில்லை. வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. அந்தச் சமயத்தில்தான் அத்தை பெண்ணிடமிருந்து நல்ல செய்தி வந்தது. தலைப் பிரசவம்!

அத்தை சும்மா இருப்பாளா? பட்டணத்திலிருந்து நிபுணர் ஒருவரை வரவழைத்தாள். அவர் கையில் இரண்டு ஊசி வைத்த ஒரு கருவி. சுவரில் அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிந்து 'கீங்' என்று கத்தும். டாக்டர் நாடி பிடிப்பதைப் பார்ப்பது போல் அத்தை கைகட்டி நின்றாளாம். வாசற்படியிலிருந்து நேரே அறைக்குள் போனவர், கருவியை வைத்துப் பார்த்தார், கணக்குப் போட்டார், முப்பத்தெட்டாயிரம் ரூபாய் என்றார். எல்லாம் இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டு, மருந்து கலந்த சிமெண்டுப் பூச்சு. அதன் மேல் ரப்பர் மாதிரி ஒரு வர்ணம். ஐந்து வருஷ உத்தரவாதம்.

வளைகாப்புக்குப் போனபோது சுவர் கண்ணாடி மாதிரி மின்னியது. நானே பாராட்டிவிட்டு வந்தேன்.

ஆவணியில் அத்தை போனில் அழாத குறை. இடுப்பளவு இருந்த ஓதம் இப்போது தோளளவுக்கு வந்து, பூச்சு முடிந்த இடத்துக்கு மேலே கோடு போட்டிருக்கிறது! உத்தரவாதக் காகிதத்தை எடுத்துப் பார்த்தால், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: நிலத்திலிருந்து ஏறும் ஈரத்துக்கு இது பொருந்தாது.

ஏன் இப்படி ஆயிற்று? செங்கல்லையும் காரையையும் விளக்குத் திரி என்று வைத்துக் கொள்ளுங்கள். அடியில் எண்ணெய் இருக்கிறவரை திரி அதை மேலே இழுத்துக்கொண்டுதான் இருக்கும். சுவரும் அப்படியே. அடியில் குடிக்கிற தண்ணீரை மேற்பரப்பு வழியாகக் காற்றில் விட்டுவிடும். அதனால்தான் தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் மூன்றடி உயரத்தோடு நின்றுவிடுகிறது. அந்த மேற்பரப்பைச் சிமெண்டால் அடைத்துவிட்டால்? மூச்சுவிட இடம் தேடி ஈரம் இன்னும் மேலே ஏறும். அந்தக் கருவியும் பொல்லாதது. அது அளப்பது தண்ணீரை அல்ல, மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பதை. உப்பு இருந்தாலும் மின்சாரம் நன்றாக ஓடும். ஆகவே உப்புப் பூத்த சுவரில் ஈரம் குறைவாக இருந்தாலும் விளக்கு எரியும். எப்படியும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியாது.

பிறகு உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் வந்தார். வயது எழுபதுக்கு மேல். அறைக்குள் அவர் போகவே இல்லை. ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறம் போனார். சேறு மிதிக்க வேண்டாமென்று சில வருஷங்களுக்கு முன் கொல்லை முழுவதும் சிமெண்டுத் தளம் போட்டிருந்தார்கள். அது அறையின் தரையைவிட நாலு விரல் உயரம்! வாட்டமும் சுவரைப் பார்த்து. போதாததற்குத் துவைக்கிற கல் சுவரோரமாகவே கிடந்தது.

"அம்மா, சுவத்துக்கு வியாதி ஒண்ணுமில்லே. நீங்கதான் அதைத் தண்ணியிலே நிக்க வெச்சிருக்கீங்க" என்றாராம்.

அத்தைக்கு முகம் விழுந்துவிட்டது. அந்தச் சிமெண்டுத் தளம் அவள் அடம் பிடித்துப் போட்டது.

வேலை எளிதுதான். சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்துக்குத் தளத்தை உடைத்து, அறையின் தரைக்கும் கீழே தோண்டி, ஜல்லி போட்டு, தண்ணீர் விலகி ஓட வழி செய்தார்கள். துவைக்கிற கல் கொல்லைக் கோடிக்குப் போயிற்று. முப்பத்தெட்டாயிரம் ரூபாய்ப் பூச்சைக் கொத்தி எடுத்தார்கள். சுவர் வெறும் செங்கலாக நின்றது.

"எப்போ காயும்?" என்று அத்தை கேட்டாள்.

"ஒரு அங்குலத்துக்கு ஒரு மாசம்னு கணக்கு. இது ஒன்பது அங்குலச் சுவரு."

"என் பெண்ணுக்குப் புரட்டாசியிலே பிரசவமாச்சே!"

"புள்ளைக்கு அவசரம், சுவத்துக்கு என்னம்மா அவசரம்?"

அத்தைக்கும் எனக்கும் சண்டை வந்தது இங்கேதான். சாம்பிராணி போட்டு, மின்விசிறி வைத்து, மேலே ஒரு பூச்சுப் பூசிவிட்டால் என்ன என்றாள். அவள் பெண்ணுக்குச் சின்ன வயது முதல் இழுப்பு உண்டு. வீட்டு ஓதமும் பூஞ்சக்காளானும் இருமல், இழுப்பு, ஆஸ்துமாவோடு சம்பந்தப்பட்டவை என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் ஒரு தனிப் புத்தகமே வெளியிட்டிருக்கிறது. அதையெல்லாம் போனில் படித்துக் காட்டினேன். "உனக்கு என்ன தெரியும், நீ அந்த அறையில் பிறந்தவளா?" என்று வைத்துவிட்டாள். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள், முன்கூடத்தில் ஜன்னலோரம் இருந்த தன் கட்டிலைப் பெண்ணுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டதாக அத்திம்பேர்தான் சொன்னார்.

அடுத்த வைகாசியில் சுவருக்குச் சுண்ணாம்புக் காரை பூசினார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறப் போட்ட தண்ணீர் விட்டு அரைத்த காரை. கடுக்காய்க்குப் பஞ்சமில்லை; ஜவ்வாது மலையிலிருந்தே இறங்குகிறது. இது வெறும் பாட்டி வைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். இப்படிப்பட்ட காரைகளை வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் சோதித்து ஆராய்ந்திருக்கிறார்கள். சுண்ணாம்பு சுவரை மூச்சுவிட விடுகிறது என்பதுதான் அதன் பெருமை. ஆனால் தண்ணீரின் வழியை அடைக்காமல் பூசியிருந்தால் அதுவும் உதிர்ந்துதான் போயிருக்கும்.

"எங்களுக்குக் கொல்லையும் இல்லை, துவைக்கிற கல்லும் இல்லை, நாங்கள் மூன்றாம் மாடி" என்கிறீர்களா? உங்களுக்கும் முதல் வேலை சுற்றிப் பார்ப்பதுதான். ஓதம் கண்ட சுவரின் மறுபக்கம் குளியலறையா? மேல் வீட்டுக் குழாய் அந்த வழியாக வருகிறதா? இரவில் குழாய்களையெல்லாம் மூடிவிட்டுத் தொட்டியின் நீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் குறைந்திருந்தால் எங்கேயோ குழாய் கசிகிறது. மழை நாளில் மட்டும் நனைகிறதென்றால் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் என்ன அடைத்திருக்கிறது என்று பாருங்கள். எங்கள் மாடியில் ஒரு தடவை பந்து ஒன்று அகப்பட்டது!

சந்தேகம் தீரவில்லையா? சமையலறை அலுமினியத் தாளை ஒரு சாண் சதுரம் வெட்டி, ஈரம் கண்ட இடத்தில் நாலு ஓரமும் இறுக ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நீர் அரும்பியிருந்தால், அது அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து, துணியை அறைக்குள் உலர்த்துவதை நிறுத்தி, பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தால் பாதி குறையும். சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் மட்டும் ஆளைத் தேடுங்கள்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற பேட்டைகளில் பழைய வீட்டுக்காரர்களுக்கு வேறு தொல்லை. படியேறி நுழைந்த வீடு, இன்று படியிறங்கி நுழைகிற வீடாகிவிட்டது. சாலை போடும்போதெல்லாம் தாரின் மேல் தார், வீடு பள்ளத்தில். 2021 மே மாதம், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும் என்று உத்தரவிட்டார். உங்கள் தெருவில் சாலை போட வரும்போது வாசலில் நின்று அதைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

இனி ஆளைப் பற்றி. வருகிறவர், "எப்போது முதல் நனைகிறது, மழையில் மட்டுமா, வருஷம் முழுவதுமா?" என்று கேட்கிறாரா? வெளியே போய்ப் பார்க்கிறாரா? இரண்டும் இல்லையென்றால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். காரணம் என்ன, செய்யப் போவது என்ன, உத்தரவாதம் எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்று எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். ஒரு பங்கை ஒரு மழை கழிந்த பிறகு தருவதாகப் பேசிக் கொள்ளுங்கள். சிமெண்டில் கலக்கிற மருந்தானால் டின்னில் ஐ.எஸ். 2645 என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடலாம். 2019-ஆம் வருஷச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் இரண்டு வருஷத்துக்குள் முறையிடலாம். அத்தை அப்படிச் செய்யவில்லை. காகிதத்தின் பின்பக்கத்தைப் படிக்காதது தன் தப்பு என்று விட்டுவிட்டாள்.

அத்தை பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். லீவுக்கு வந்தால் அந்த அறையில்தான் தூக்கம். மழை பெய்த மறுநாள் காலையில் அத்தை போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறாள்.

கொத்தனாரின் விலாசத்தைக் கேட்டு எழுதாதீர்கள். வயதாகிவிட்டது என்று அவரை மகன் வேலைக்கு அனுப்புவதில்லை.