தவளையை விற்பவர் யார்?

ஆரணியில் தறி ஓய்ந்திருந்த ஒரு மாலையில், நெசவாளர் வீடொன்றில் 'பாப்போ அண்ட் யோ' என்ற கணினி விளையாட்டை ஆடிப் பார்த்தோம். தொழிலாளர் பத்திரிகைக்கு விளையாட்டு எதற்கு என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். கொஞ்சம் பொறுக்கவும்.

2012ல் கனடாவின் மாண்ட்ரியால் நகரிலிருந்து வெளிவந்தது இது. இதை உருவாக்கிய வாண்டர் கபாயெரோ கொலம்பியாக்காரர். குடிகாரத் தகப்பனிடம் வளர்ந்தவர். அந்தப் பிள்ளைப்பருவத்துப் பயத்தையே புதிராக்கித் தந்திருக்கிறார். கிக்கோ என்ற சிறுவன், ஏழைகளின் குடியிருப்பில் சுண்ணக்கட்டிக் கோடுகளைப் பிடித்து இழுக்கிறான்; வீடுகள் நகர்ந்து பாலமாகின்றன. கூடவே ஒரு பூதம். தூங்கும்போது அதன் வயிற்றில் ஏறிக் குதித்து விளையாடலாம். ஆனால் தவளையைக் கண்டால் போச்சு! விழுங்கியதும் உடம்பெல்லாம் தீப்பற்றி, அதே பூதம் பையனைத் தூக்கி வீசுகிறது. பையன் அதற்கு மருந்து தேடி அலைகிறான். மருந்து கிடைக்கவில்லை. கடைசியில் பூதத்தைக் கைவிட்டுத் தனியே நிற்கிறான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுப் பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தோழர், இது எங்கப்பன்தான். கோர்வைச் சேலைக்கு நான் எதிர்ப்பக்கம் குந்தி நாடா தள்ளுவேன். கண் அசந்தா அடி. குடிக்காத நாள்ல அவரே இட்லி வாங்கியாந்து ஊட்டுவாரு. இந்தப் பையன் விட்டுட்டான், சரி. எங்கம்மா நாலு பிள்ளைய வச்சிக்கிட்டு எங்க போவா? தறிமேல முன்பணம் இருந்ததே!"

விளையாட்டு விட்ட இடத்தைப் பெரியவர் பிடித்துவிட்டார். மகன் மனம் ஆற அது வழி காட்டுகிறது. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தவளை எங்கிருந்து வருகிறது என்று அது கேட்கவேயில்லை. நம் நாட்டில் இதற்கு விடை தேட மந்திரவாதி வேண்டாம். 2003 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் மதுவைச் சில்லறையில் விற்கும் ஏகபோகம் சர்க்காரின் டாஸ்மாக்கினுடையது. கூலியை ஒரு கையால் கொடுக்கவே மூக்கால் அழுகிறார்கள். மறு கையால் பறிக்க மட்டும் கடை தயார்.

குழந்தையின் கதி? கொத்தடிமைக் கடன் செல்லாது என்று 1976லேயே சட்டம் வந்தது. ஆனால் 2016ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் 'உதவலாம்' என்கிறது. குடும்பம் என்பதில் சித்தப்பனும் மாமனும்கூட அடக்கமாம்! வீட்டுக்குள்ளேயே தறி இருக்கும் ஊரில் உதவி எது, வேலை எது என்று எந்த அதிகாரி இரவில் கதவைத் தட்டிப் பார்க்கப் போகிறார்?

நெசவாளர் தெருக்களை அண்டிய மதுக்கடைகளை மூடு, பிள்ளையின் கையை நம்பாமலே குடும்பம் பிழைக்கும் கூலியைக் கொடு, அந்த விதிவிலக்கை நீக்கு என்று கேட்கிறோம். விளையாட்டை மறுபடி முதலிலிருந்து ஆடலாமா என்று பேரன் கேட்டான். பெரியவர் எழுந்து பாவைச் சரிபார்க்கப் போய்விட்டார்.