ஒயில் கூலரைத் திறந்து பாராமல் லொறியை விற்காதீர்கள்

றேடியேற்றர் மூடியைத் திறந்தால் தண்ணீரின் மேல் பால் கோப்பி நிறத்தில் களி மிதக்கிறது. அதைக் கண்டதும் கராஜில் சொல்லப்படும் தீர்ப்பு அநேகமாக ஒன்றுதான்: "ஹெட் போய்விட்டது, என்ஜினை இறக்க வேண்டும்." நாலைந்து குடும்பங்கள் நகைகளை அடகு வைத்துக் கூட்டாக வாங்கிய பழைய லொறி அன்றோடு வேலியோரத்தில் நிற்கத் தொடங்குகிறது. அறுவடை அதற்காகக் காத்திராது. கத்தரியும் பயிற்றங்காயும் வெங்காயமும் தோட்டத்துக்கே வரும் வியாபாரி சொன்ன விலைக்குப் போகின்றன. சில மாதங்களின் பின் லொறியும் பழைய இரும்பு வாங்குபவர் சொன்ன விலைக்குப் போய்விடுகிறது.

இத்தீர்ப்பைக் கேட்டவுடன் தலையாட்டக் கூடாது என்பது எனது திடமான அபிப்பிராயம். ஹெட்டைத் தொடுவதற்கு முன்னர் ஒயில் கூலரைக் கழற்றிச் சோதிக்கும்படி லொறியின் சொந்தக்காரர்களாகிய நீங்கள் கேட்க வேண்டும். அது ஒரு நாள் வேலை. என்ஜினை இறக்குவதோ ஒரு போகத்தின் வருமானத்தையே விழுங்கும் வேலை.

எமது மக்களுக்கு லொறி வெறும் தொழிற்கருவி மாத்திரமல்ல. 1995இல் வலிகாமத்தை விட்டு வெளியேறிய போதும், 2008இலும் 2009இலும் வன்னிக்குள் ஊர் ஊராக நகர்ந்த போதும், நெல் மூடையையும் கூரைத் தகரத்தையும் கிழவர்களையும் ஏற்றிச் சென்றவை லொறிகளும் உழவு இயந்திரங்களுமே. திரும்பி வந்து, அல்லது வந்த இடத்திலேயே தங்கி, மீண்டும் தோட்டம் செய்பவர்களுக்கு, 1999இல் தொடங்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குத் தம் விளைச்சலைத் தாமே கொண்டுபோகும் வழியும் அதுதான். போனால் இன்னொன்று வாங்கலாம் என்ற நிலையும் இல்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி ஐந்து ஆண்டுகள் அளவில் முடங்கிக் கிடந்ததால், முப்பது வயதுடைய லொறிக்கும் இன்று பெரிய விலை சொல்கிறார்கள். இருப்பதைக் காப்பாற்றத்தான் வேண்டும்.

ஒயில் கூலர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காகச் சிறிது சொல்லுகிறேன். என்ஜினுக்குள் ஓடும் ஒயில் உராய்வைக் குறைப்பதோடு பிஸ்ரனிலிருந்தும் பெயரிங்கிலிருந்தும் சூட்டையும் சுமந்து வருகிறது. அந்தச் சூட்டை றேடியேற்றர் தண்ணீருக்குக் கைமாற்றும் இடமே கூலர். மெல்லிய உலோகச் சுவரின் ஒரு பக்கத்தில் ஒயிலும் மறு பக்கத்தில் தண்ணீரும் ஓடும். மிற்சுபிசி கன்டர், இசுசு எல்ஃப் போன்ற ஜப்பானிய லொறிகள் பலவற்றில் அது தட்டுத் தட்டாக அடுக்கிய ஒரு சிறு பொதி. என்ஜினின் பக்கத்தில் ஒயில் பில்டரை ஒட்டிய மூடிக்குள் இருக்கும். வேறு பழைய என்ஜின்கள் சிலவற்றில் உருளைக்குள் குழாய்க் கட்டு ஒன்று செருகப்பட்டு, இரு முனைகளிலும் ஓ ரிங் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். சுவர் அரித்து ஓட்டை விழுந்தாலோ, ஓ ரிங் காய்ந்து வெடித்தாலோ ஒயிலும் தண்ணீரும் கலந்துவிடும்.

எது எதற்குள் போகும் என்பதே நோயை அறியும் வழி. ஓடும் என்ஜினில் ஒயிலின் அழுத்தம் பொதுவாக 3 முதல் 5 கிலோ வரை இருக்கும். றேடியேற்றர் மூடி தாங்குவதோ ஏறத்தாழ 1 கிலோதான். ஆகவே கூலர் ஒழுகினால் ஓடும்போது ஒயில் தண்ணீருக்குள் தள்ளப்படும். என்ஜினை நிறுத்தியதும் ஒயில் அழுத்தம் உடனே இறங்கிவிடும். சூடான தண்ணீரின் அழுத்தம் சற்று நேரம் நிற்கும். அப்போது தண்ணீர் ஒயிலுக்குள் போகலாம். ஒயில் பார்க்கும் கம்பியில் வெண்மை கண்டால் கூலர் பற்றிய சந்தேகம் நீங்கிவிட்டதென்று எண்ண வேண்டாம். ஆனால் ஈர லைனர் உள்ள என்ஜின்களில் லைனரின் கீழ் ரப்பர் வளையம் போனாலும் சம்ப்புக்குள் தண்ணீர் இறங்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஹெட் கஸ்கற் போனால் அடையாளம் பெரும்பாலும் வேறு. காலையில் குளிர்ந்த என்ஜினை மூடியைத் திறந்து வைத்து இயக்கிப் பாருங்கள். உடனே குமிழிகள் விடாமல் எழுந்தால், அல்லது மூடியைப் பூட்டி இயக்கிய ஓரிரு நிமிடத்திலேயே, சூடேறுமுன், மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், எரியும் வாயு தண்ணீருக்குள் வருகிறது. ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். குமிழி இல்லை, வெள்ளைப் புகை இல்லை, லொறி வழமை போல் இழுக்கிறது, ஆனால் தண்ணீரில் ஒயில் மட்டும் கூடிக்கொண்டே போகிறது என்றால் முதலில் கூலரைப் பிடியுங்கள். ஹெட் கஸ்கற் வழியாகவும் ஒயில் தண்ணீரில் கலக்கக்கூடும்தான். ஆயினும் மலிவானதை முதலில் சோதிப்பதே முறை. சூடான றேடியேற்றரின் மூடியை மட்டும் ஒருபோதும் திறக்க வேண்டாம். அந்தத் தண்ணீர் முகத்தையும் கையையும் அவித்துவிடும்.

இனி, எமது பகுதிகளில் காணும் இன்னொரு வழக்கத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். சில மெக்கானிக்மார் கூலரைச் சரிசெய்வதற்குப் பதிலாக அதைத் தவிர்த்து ஒயில் பாதையை நேரே இணைத்து அனுப்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் டீசலும் உதிரிப்பாகங்களும் இல்லாமலே வாகனம் ஓட்டிக் காட்டிய கைகள் அவை. சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய அந்தத் திறமைக்கு ஈடு எங்கும் இல்லை. ஆனால் அன்று வேறு வழியில்லாமல் செய்ததை, பாகம் கடையில் கிடைக்கும் இன்றும் செய்வது வேறு. கூலர் இல்லாத லொறி வெறுமையாக ஊருக்குள் ஓடும்போது ஒன்றும் தெரியாது. பாரம் ஏற்றி வெயிலில் மணிக்கணக்காக ஓடும்போது ஒயில் கொதித்து நீர்த்துப் போகும், அழுத்தம் குறையும், பெயரிங்குகள் தேயும். அடுத்த செலவு கிறாங் ஷாஃப்ற்றில் வந்து நிற்கும்.

அதே போல், சைக்கிள் ரியூப்பில் வெட்டிய வளையத்தை ஓ ரிங்குக்குப் பதிலாகப் போடுவதையும் நிறுத்த வேண்டும். ரியூப் ரப்பர் ஒயில் பட்டால் ஊதிப் பொருமும். சில வாரங்களில் மீண்டும் ஒழுகும். ஒயிலைத் தாங்குவது நைற்றைல். ஒயிலையும் கடும் சூட்டையும் நீண்ட காலம் தாங்குவது வைற்றன். பழைய வளையத்தின் அளவை மட்டும் சொல்லி வாங்காமல், ஒயிலுக்குரியது என்றும் கேட்டு வாங்குங்கள். விலை வித்தியாசம் ஒரு கிலோ வெங்காயத்தின் கணக்குத்தான்.

வேலையைச் செய்யும் முறை இதுதான். தண்ணீரையும் ஒயிலையும் இறக்கி, பில்டரைக் கழற்றி, மூடியின் போல்ட்டுகளை எடுங்கள். நீளம் வேறுபடும் போல்ட்டுகள் இருக்கும். ஒரு மட்டையில் மூடியின் படம் கீறி, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். கூலர் பொதியை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, காற்றடித்து, மறுபடியும் ஊறவைத்துக் கழுவுங்கள். அலுமினியம் என்றால் கோஸ்ரிக் சோடாவைக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். அது உலோகத்தையே தின்றுவிடும். முன்னர் பெயரிங் உடைந்த என்ஜினாயின், கழுவுவதில் நேரத்தை விரயமாக்காமல் கூலரை மாற்றுவதே புத்தி. தட்டுகளின் இடுக்கில் சிக்கிய இரும்புத் துகள் எவ்வளவு கழுவினாலும் முழுவதும் வெளியே வராது, பிறகு புதிய பெயரிங்கையும் கெடுக்கும்.

அடுத்ததுதான் முக்கியமானது, அநேகமாகக் கைவிடப்படுவதும் அதுதான். ஒயில் வாய்களை இரும்புத் தகடும் ரப்பரும் வைத்து அடைத்து, ஒரு தகட்டில் துளையிட்டு ரயர் வால்வு பொருத்தி, பொதியை இளஞ்சூடான தண்ணீரில் அமிழ்த்திக் காற்றடிக்க வேண்டும். சிறிது சிறிதாக ஏற்றி, ஓடும்போது ஒயிலுக்கு உள்ள அழுத்தத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். அதற்கு மேல் போக வேண்டுமா என்பதை அந்த என்ஜினின் கைநூல் சொல்லும். சூட்டில் உலோகம் விரிவதால் குளிரில் ஒளிந்திருந்த வெடிப்பும் குமிழி விடும். முகத்தை நேரே வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம். அடைப்பு கழன்றால் பறக்கும். குமிழி இல்லையென்றால் குற்றம் ஓ ரிங்கிலோ கஸ்கற்றிலோதான். அவற்றை மாற்றினால் போதும். குழாய்க் கட்டில் ஓரிரு குழாய் மட்டும் ஒழுகினால் இரு முனையையும் அடைத்துவிட்டு ஓடலாம். தட்டுப் பொதி ஒழுகினால் பற்றவைப்பதை நான் ஏற்கமாட்டேன். அந்த ஒட்டு நிலைப்பது அரிது. வேறொன்று வாங்குங்கள்; பழையதாயினும் வாங்குமுன் இதே சோதனையைக் கடையில் செய்யச் சொல்லுங்கள்.

பூட்டும்போது சிலிக்கன் பசையை அள்ளிப் பூசும் பழக்கம் ஒன்று உண்டு. உள்ளே பிதுங்கிய பசை கழன்று ஒயில் துவாரங்களை அடைக்கும். புதிய கஸ்கற் இருந்தால் பசையே அவசியமில்லை. பூட்டிய பின் டீசலை மறித்து, ஒயில் விளக்கு அணையும் வரை ஸ்ராற்றரைச் சுற்றிவிட்டுத்தான் என்ஜினை இயக்க வேண்டும். தண்ணீர்ப் பாதையில் தங்கிய ஒயில் களியை நுரை குறைந்த சவர்க்காரத் தூள் கரைத்த வெந்நீரால் மூன்று நான்கு தடவை கழுவுங்கள். ஒயில் ஊறிப் பஞ்சுபோலான ஹோஸ்களை மாற்றுங்கள். சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் ஒயிலையும் பில்டரையும் இன்னொரு முறை மாற்றுங்கள்.

கூலர் கெடுவதற்கு ஒரு காரணம் எமது கிணறுகளிலேயே இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவுதான் கூலரின் இடுக்கிலும் படிகிறது. கரையோரக் கிணறுகளில் உப்பும் சேர்ந்து உலோகத்தை அரிக்கிறது. ஆகவே றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீரை ஊற்ற வேண்டாம். துப்புரவான கூரையிலிருந்து பிடித்த மழைநீரை வடித்து, கடையில் விற்கும் கூலன்ற் கலந்து ஊற்றுங்கள். மாரியில் இரண்டு கான் மழைநீரை லொறிக்கென்று ஒதுக்கி வைப்பது எவருக்கும் பாரமாகாது.

ஒவ்வொரு குடும்பமும் சோதனைத் தகடுகளும் அழுத்தமானியும் வாங்க வேண்டியதில்லை. ஊரின் கமக்காரர் அமைப்பு ஒரு தொகுதியை வைத்திருந்தால் சுற்றியுள்ள லொறிகள் அனைத்துக்கும் போதும். தகடுகளை எந்த லேத் பட்டறையிலும் வெட்டுவார்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் தொடங்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் படித்த பிள்ளைகள் உங்கள் ஊரிலேயே இருக்கக்கூடும். அவர்களையும், தடைக் காலத்து மூத்த மெக்கானிக் ஒருவரையும் ஒரே மேசைக்கு அழையுங்கள். காலபோக நெல் ஏற்றும் மாசி, பங்குனிக்கு முன்னர், தை மாதத்திலேயே கூலரைப் பார்த்துவிடுவது நல்லது. வேலை கராஜில் நடந்தால், காற்றடித்துச் சோதிக்கும் வேளையில் சொந்தக்காரர்களில் ஒருவராவது பக்கத்தில் நில்லுங்கள். கழற்றிய பழைய ஓ ரிங்குகளையும் கஸ்கற்றையும் கையில் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டு, அதன் பிறகு பணத்தைக் கொடுங்கள்.