ஆங்கிலம் அறிவோம்: குளக்கட்டும் துப்பாக்கியும்

பூவரசங்குளம் போன்ற வன்னியூர்களுக்குப் பெயரிலேயே குளம் உண்டு. மாரியிற் குளக்கட்டு உடைந்து, அதிகாரிக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுத நேரின், மாணவரே, சற்று நிதானியுங்கள். உடைப்பைக் குறிக்கும் ‘பிரீச்’ என்னும் சொல்லில் ‘ஆர்’ எழுத்தை அடுத்து ஈ, ஏ என்பன வரும். அவ்விடத்தில் இரண்டு ஈ எழுதினால் ஒலி மாறாது. பொருளோ துப்பாக்கிக் குழலின் பின்புறமாகிவிடும்! மருத்துவர்கள் அச்சொல்லாற் குறிப்பது, தலைக்குப் பதிலாகக் குழந்தையின் பின்புறமோ காலோ முன்வரும் பிரசவத்தை. நம் குளக்கட்டுக்கு இவை எதற்கு? உடைத்தலைக் குறிக்கும் ‘பிரேக்’ என்னும் வினைச்சொல்லை நினைவிற் கொள்க. முன்னதற்கு அஃது உறவுச்சொல். அதிலும் அதே ஈ, ஏ. ஒப்பந்தம் மீறப்படினும் இந்த ‘பிரீச்’சே பொருந்தும். வண்டியை நிறுத்தும் ‘பிரேக்’ வேறு. அதில் ஏ முன்னே, ஈ கடைசியில். அஃது இன்னொரு வம்பு!