ஊர்க்காவலில் எல்லாருக்கும் பங்கு

இங்கிலாந்தின் சிறு கிராமங்களில் பாரிஷ் கவுன்சில் எனும் ஊர் மன்றம் கூடும்போது காவல்துறை அறிக்கைக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். தோட்டக் கொட்டகையின் பூட்டு உடைப்பு, பண்ணை வாசலில் இரவோடு இரவாக யாரோ கொட்டிவிட்டுப் போன கட்டட இடிபாடு, பள்ளி விடும் நேரத்தில் தாறுமாறாக நிற்கும் கார்கள். எழுத்தர் வாசித்து முடித்ததும் இரண்டு குரல்கள் எழும். "போலீஸ் இந்தப் பக்கம் தலைகாட்டி எத்தனை மாதமாகிறது?" என்பது ஒன்று. "அப்படி என்ன பெரிதாக நடந்துவிட்டது? ஊர்ப் பெயரைக் கெடுத்தால் வீட்டு விலைதான் இறங்கும்" என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டு தரப்பும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. பாதுகாப்பு என்பது வேறு யாரோ கொண்டுவந்து தர வேண்டியது, அல்லது ஏற்கெனவே தானாக இருப்பது என்று இரண்டுமே நம்புகின்றன.

ஒரு கிராமத்தின் குற்றக் கணக்கு குறைவாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்க முடியும். குற்றம் உண்மையிலேயே குறைவாக இருக்கலாம். நடந்ததை யாரும் வெளியே சொல்லாமலும் இருக்கலாம். இரண்டில் எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க லண்டனில் உள்ள எந்த அலுவலகத்தாலும் முடியாது. அந்த ஊரில் வாழ்பவர்களால் மட்டுமே முடியும். ஊர்க்காவலில் குடிமக்களின் பங்கு தொடங்குவது அங்கேதான்.

முதலில் நல்ல செய்தி. இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் குற்ற விகிதம் நகரங்களைவிடக் குறைவு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1982 முதல் நடந்துவரும் குற்ற ஆய்வின்படி, வீடு புகுந்து திருடுவது, வாகனத் திருட்டு, வன்முறை ஆகியவை 1995ஆம் ஆண்டையொட்டி உச்சத்தைத் தொட்டு, அதன்பின் பெருமளவு சரிந்துவிட்டன. காவல் நிலையப் பதிவுகளை மட்டும் நம்பாமல் மக்களிடம் நேரடியாகக் கேட்டுக் கணக்கெடுப்பது இந்த ஆய்வின் வழக்கம். பாதிக்கப்பட்டவர்களில் பலர் புகார் கொடுப்பதில்லை என்பது தெரிந்ததால்தான் இப்படியோர் ஆய்வே தேவைப்பட்டது.

சிறிய ஊரின் எண்களைப் படிப்பதற்கு நிதானம் வேண்டும். நானூறு பேர் வாழும் கிராமத்தில் போன ஆண்டு ஒரு வீட்டில் திருட்டு, இந்த ஆண்டு இரண்டு வீட்டில் என்றால், 'திருட்டு நூறு சதவீதம் உயர்வு' என்று தலைப்பு போட்டுவிடலாம். கணக்கில் பிழை இல்லை, ஆனால் அதிலிருந்து எதுவும் தெரியவராது. ஒரே கும்பல் ஒரே இரவில் இரண்டு வீட்டுக்கும் போயிருக்கலாம். 2011இல் அறிமுகமான தெருவாரிக் குற்ற வரைபடத்துக்கும் இது பொருந்தும். குற்றம் நடந்த வீட்டின் மேலேயே அதில் குறி விழாது. அந்தரங்கம் காக்க, அருகில் முன்கூட்டியே வகுத்த பொதுப்புள்ளி ஒன்றில் விழும். 'நம் சந்திலா இத்தனை?' என்று பதறுமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு மாத எண்ணை விட்டுவிட்டு ஐந்தாண்டுப் போக்கைப் பார்ப்பதும், தன் ஊரோடு சுற்றியுள்ள பத்து ஊரைச் சேர்த்துப் பார்ப்பதும் அவசியம்.

கிராமத்தில் நடக்கும் குற்றத்தின் தன்மையும் வேறு. களவு போவது பெரும்பாலும் பிழைப்புக்கான பொருள். டிராக்டரின் கூரைமேல் பொருத்தியிருக்கும் ஜிபிஎஸ் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வரிசையில் விதைத்தோம், எங்கே எவ்வளவு உரம் இட்டோம் என்பதெல்லாம் அதன் வழியே நடக்கிறது. கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடலாம். விதைப்புக் காலத்தில் அது போனால், மாற்றுக் கருவி வந்து சேரும்வரை வேலை முடங்கும்; பருவம் காத்திருக்காது. ஆட்டு மந்தையைப் பார்க்கப் போகும் குவாட் பைக், டீசல், ஆடுகள், தேவாலயக் கூரையின் ஈயத்தகடு என்று பட்டியல் நீளும். குழாய் எரிவாயு எட்டாத வீடுகளில் குளிர்காலத்துக்கான எண்ணெயைக் கொல்லைப்புறத் தொட்டியில் நிரப்பி வைப்பார்கள். ஒரு குழாயும் அரை மணி நேர இருட்டும் போதும், அதைக் காலி செய்துவிட. தனியே வாழும் முதியவருக்கு அது வெறும் பண இழப்பு அல்ல. அடுத்த நிரப்பு வரும்வரை வீடு சில்லிட்டுக் கிடக்கும்.

கிராமப்புறங்களில் பரவலாகக் காப்பீடு வழங்கும் என்எஃப்யூ மியூச்சுவல் நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஐக்கிய இராச்சியத்தில் 2023இல் கிராமப்புறக் குற்றத்தின் செலவு 5.28 கோடி பவுண்ட். 2024இல் அது 4.41 கோடியாக இறங்கியது. காவல்துறை, விவசாயிகள், காப்பீட்டாளர் எல்லாரும் தகவலைப் பகிர்ந்து இணைந்து செயல்பட்டது இந்த இறக்கத்துக்கு ஒரு காரணம். சட்டமும் ஓரளவு கைகொடுத்திருக்கிறது. தேவாலய ஈயம் கடைசியில் போய்ச் சேர்வது காயலான் கடைக்கு என்பதால், பழைய உலோகத்துக்கு ரொக்கம் கொடுப்பதைத் தடைசெய்தார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கடைகளுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. குவாட் பைக் போன்ற வண்டிகளில் திருட்டுத் தடுப்புக் கருவியும் அடையாளக் குறியும் இருக்க வழிசெய்யும் சட்டம் 2023இல் வந்தது. திருடனை விரட்டிப் பிடிப்பதைப் போலவே, திருட்டுப் பொருளுக்கு வாங்குபவர் இல்லாமல் செய்வதும் காவல்தான்.

காவல்துறைமீது கிராமத்துக்கு உள்ள மனக்குறையை அலட்சியம் செய்ய முடியாது. 1856ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு கவுண்டிக்கும் காவல் படையைக் கட்டாயமாக்கிய பிறகு, ஊரிலேயே குடியிருக்கும் காவலர் என்ற முறை பல தலைமுறைகள் நிலைத்தது. அவருக்கு ஒரு வீடு, ஒரு சைக்கிள், எல்லார் பெயரும் தெரிந்த ஒரு நினைவு. 1960களின் பிற்பகுதியில் நடைரோந்து கார் ரோந்தாக மாறியது. பிறகு கிராமக் காவலர் வீடுகள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டன. 2010க்குப் பின் வந்த சிக்கன நடவடிக்கையில் இங்கிலாந்து, வேல்ஸ் காவல்துறையில் 20,000க்கும் மேற்பட்ட அலுவலர்கள் குறைந்தார்கள். 2019 முதல் 2023 வரை ஏறத்தாழ அதே அளவுக்கு ஆள் எடுத்தார்கள். எண்ணிக்கையை நிரப்பிவிடலாம், இருபதாண்டு ஊர்ப் பழக்கத்தை அப்படி நிரப்ப முடியாது.

இங்கேதான் ஒரு நச்சுச் சுழல் உருவாகிறது. அவசரமில்லாத புகாருக்கான 101ஐ அழைத்தவர் நெடுநேரம் காத்திருக்கிறார். கடைசியில் ஓர் எண் கிடைக்கிறது, ஆள் வருவதில்லை. அடுத்த முறை அவர் அழைப்பதே இல்லை. புகார் குறைந்ததும் அந்தப் பகுதி 'பிரச்சினை இல்லாத பகுதி' ஆகிறது. ரோந்து வேறெங்கோ போகிறது. 'போலீஸ் வராது' என்ற எண்ணம் இப்படித்தான் தன்னைத்தானே உண்மையாக்கிக்கொள்கிறது. இந்தச் சுழலை உடைக்க இரண்டு முனையிலிருந்தும் முயற்சி வேண்டும். போலீஸ் வந்து கதவைத் தட்டாவிட்டாலும் ஊரார் ஒவ்வொன்றையும் புகார் செய்ய வேண்டும். பலன் இல்லாவிட்டாலும் காவல்துறை ஒவ்வொரு புகாருக்கும் என்ன ஆயிற்று என்று பதில் சொல்ல வேண்டும்.

பொறுப்பைப் பகிர்வது இங்கிலாந்துக்குப் புதிது அல்ல. முதலாம் எட்வர்டின் காலத்தில், 1285இல் வந்த வின்செஸ்டர் சட்டம் கிராமத்துக்கு நான்கு அல்லது ஆறு பேர் இரவுக் காவல் நிற்க வேண்டும் என்றது. சாலையின் இருபுறமும் 200 அடிக்குத் திருடன் ஒளியப் புதர் இருக்கக் கூடாது என்றது. திருடனைப் பிடித்துத் தராவிட்டால் அந்த வட்டாரமே இழப்பீடு தர வேண்டும் என்றும் விதித்தது. அந்தக் கடுமை இன்றைக்கு வேண்டாம். ஆனால் காவல் என்பது கூலி கொடுத்து முழுதாக ஒப்படைத்துவிடும் வேலை அல்ல என்ற எண்ணம் அந்த மண்ணில் பழையது. 1982இல் செஷயரில் உள்ள மாலிங்டன் என்ற சிறு கிராமம் அதைப் புதுப்பித்தது. 'நெய்பர்ஹுட் வாட்ச்' எனப்படும் அக்கம்பக்கக் கண்காணிப்பு அந்த நாட்டில் முதன்முதலாகத் தொடங்கியது அங்கேதான். பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இல்லாதபோது தபாலை எடுத்து வைப்பது, பழக்கமில்லாத வண்டி திரும்பத் திரும்ப வந்தால் எண்ணைக் குறித்துக்கொள்வது போன்ற சின்னச் செயல்களே அதன் பலம்.

இந்தப் பொறுப்புக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. 1999 ஆகஸ்டில் நார்ஃபோக்கின் எம்னெத் ஹங்கேட் பகுதியில், டோனி மார்ட்டின் என்ற விவசாயி தன் பண்ணை வீட்டுக்குள் இரவில் புகுந்தவர்களைச் சுட்டார். ஒருவர் காயமடைந்தார், இன்னொருவன் இறந்தான்; அவனுக்கு வயது 16. தொடர் திருட்டுகளால் நொந்துபோனவர் அவர், காவல்துறை தன்னைக் காக்கும் என்ற நம்பிக்கையை இழந்தவர். 2000இல் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை, 2001 மேல்முறையீட்டில் அது கொலையல்லாத மரணத்தை விளைவித்த குற்றமாகக் குறைந்தது, 2003இல் விடுதலையானார். நாடே இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. அவரை வீரராக்கியவர்களும் அரக்கராக்கியவர்களும் ஒன்றை மறந்தார்கள். தனித்து விடப்பட்ட ஒருவரின் பயம் முற்றிப்போகும்வரை அக்கம்பக்கமும் அரசும் என்ன செய்தன என்ற கேள்விதான் அது. தற்காப்புக்கு நியாயமான பலத்தைச் சட்டம் அனுமதிக்கிறது. தண்டிக்கும் அதிகாரத்தை அது யாருக்கும் பிரித்துத் தரவில்லை.

அதே எல்லைக்கோடு வாட்ஸ்அப் குழுக்களுக்கும் பொருந்தும். 'வெள்ளை வேன், இரண்டு பேர், பார்த்தாலே சந்தேகம்' என்ற ஒரு வரி, பார்சல் கொண்டுவந்த ஓட்டுநரைத் திருடனாக்கிவிடும். ஊர் ஊராக நகரும் ஜிப்சி, டிராவலர் மக்கள் காலங்காலமாக இந்தச் சந்தேகத்தின் சுமையைத் தூக்கிவருகிறார்கள். இங்கிலாந்தில் வாழும் தமிழர்களான நமக்கும் இதில் இரட்டை அனுபவம் உண்டு. நிறத்தை வைத்து உற்றுநோக்கப்படுபவர்களும் நாமே; தீபாவளியையொட்டி நகைத் திருட்டு பற்றிக் காவல்துறை எச்சரிக்கும்போது குறிவைக்கப்படுபவர்களும் நாமே. சிற்றூர்களில் கடை நடத்தும் இலங்கைத் தமிழர்களைக் கேட்டால் இன்னொரு பக்கமும் தெரியும். 2024இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவான கடைத் திருட்டு 5 லட்சத்தைத் தாண்டியது. ஆகவே கண்காணிக்க வேண்டியது செயலை: கதவின் கைப்பிடியைத் திருகிப் பார்ப்பது, வேலி தாண்டுவது, தொட்டிப் பூட்டில் கை வைப்பது. முகத்தையும் நிறத்தையும் பேச்சு வழக்கையும் அல்ல.

மிகக் கடினமான பொறுப்பு வீட்டுக் கதவுக்கு உட்புறத்தில் இருக்கிறது. கிராமப்புறக் குடும்ப வன்முறை பற்றித் தேசியக் கிராமப்புறக் குற்ற வலையமைப்பு 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மிகவும் ஒதுக்கான ஊர்களில் பாதிக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 25 சதவீதம் அதிக காலம் வன்முறையில் சிக்கியிருக்கிறார்கள் என்றது அது. காரணங்களை ஊகிப்பது கடினமல்ல. பேருந்து நாளுக்கு இரண்டு முறைதான். கார் சாவி கணவன் கையில். மருத்துவரும் கவுன்சிலரும் அவனுடைய நண்பர்கள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த விஷயத்தில் மட்டும் ஊர்வாய் தானாகவே மூடிக்கொள்கிறது. அமைதியான கிராமம் என்ற பெயருக்கு வீட்டுக்குள் சிக்கிய பெண் பலியாகக் கூடாது. குற்ற வரைபடத்தில் ஒரு புள்ளியும் விழாத ஊரில் இப்படி ஒரு வீடு இருந்தால், அந்த ஊரைப் பாதுகாப்பான ஊர் என்று அழைக்க நமக்கு உரிமை இல்லை.

ஆகவே யாருக்கு என்ன பங்கு? குடியிருப்பவர் சிறு திருட்டையும் புகார் செய்யட்டும், கருவிகளின் தொடர் எண்ணைக் குறித்துப் படமெடுத்து வைக்கட்டும், உயிருக்கு ஆபத்தென்றால் 999, பெயர் சொல்ல அஞ்சினால் கிரைம்ஸ்டாப்பர்ஸ் அமைப்பு என்று தெரிந்திருக்கட்டும். பாரிஷ் கவுன்சில் கையை விரிக்க வேண்டியதில்லை. குற்றத் தடுப்புக்குச் செலவு செய்யும் அதிகாரத்தை 1997ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குக் கொடுத்திருக்கிறது. தன் ஒவ்வொரு முடிவிலும் குற்றத் தடுப்பைக் கருதும் கடமையை 1998ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருக்கிறது. செலவு செய்யுமுன் ஆதாரத்தைப் பார்க்கட்டும். தெருவிளக்கை நள்ளிரவுக்குப் பின் அணைத்தால் குற்றம் பெருகும் என்பது பொதுவான அச்சம்; 62 உள்ளாட்சிப் பகுதிகளை ஆராய்ந்து 2015இல் வெளிவந்த ஆய்வில் அதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. விடிய விடிய விளக்கெரிக்கும் பணத்தில் தொட்டிப் பூட்டும் எச்சரிக்கை மணியும் வாங்கிக் கொடுக்கலாம். காவல்துறை பகுதிக்கென ஓர் அலுவலரை நியமித்தால் அவரைச் சில ஆண்டுகளாவது அங்கேயே விட்டுவைக்கட்டும். அரசு, பரப்பளவையும் தூரத்தையும் கணக்கில் எடுத்து நிதி ஒதுக்கட்டும்.

இதைத் தொடங்கத் தனி மாநாடு எதுவும் வேண்டாம். இங்கிலாந்தின் ஒவ்வொரு பாரிஷிலும் மார்ச் 1 முதல் ஜூன் 1க்குள் வருடாந்தர ஊர்க்கூட்டம் நடந்தாக வேண்டும். மாலை ஆறு மணிக்கு முன் தொடங்கக் கூடாது, வேலைக்குப் போகிறவர்களும் வர வேண்டும் என்பதால். வாக்காளர் எவரும் எழுந்து பேசலாம். அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகளை நிகழ்ச்சி நிரலில் ஏற்றுங்கள். போன ஆண்டு நம் ஊரில் நடந்து, யாரும் புகார் செய்யாதது எது? புகார் செய்ததில் பதில் வராதது எது? உதவி கேட்க முடியாத நிலையில் நம்மிடையே இருப்பவர் யார்? முதல் கேள்விக்கு ஊரார் பதில் சொல்லட்டும், இரண்டாவதற்குக் காவல்துறை வந்து பதில் சொல்லட்டும். மூன்றாவதைக் கூட்டத்தில் பெயர் சொல்லிப் பேச வேண்டாம். கூட்டம் முடிந்தபின் அந்தக் கதவைத் தட்டப் போவது யார் என்பதை மட்டும் அன்றே முடிவு செய்துவிடுங்கள்.